லௌடோகாவின் வெயில்

2023 மார்ச்சில் நடந்த ரக்பி ஆட்டம் ஒன்றை நேற்று ராத்திரி மறுபடியும் பார்த்தேன். ஃபிஜித் தீவின் லௌடோகா, கொளுத்தும் வெயில். சூப்பர் ரக்பி தொடரின் நடப்புச் சாம்பியனாக இருந்த நியூசிலாந்து அணி குரூசேடர்ஸை, ஃபிஜியின் கிளப் அணியான ஃபிஜியன் ட்ரூவா 25-24 என்று சாய்த்த ஆட்டம். கடைசிக் கட்டத்தில் கெமு வலெடினி அடித்த பெனால்டி உதை கம்பங்களுக்கு நடுவே போனதும் மைதானமே பைத்தியமாகிவிட்டது.

'ட்ரூவா' என்றால் இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டிய பாய்மரப் படகு. நல்ல பெயர்!

பல நாட்டு கிளப் அணிகள் மோதும் சூப்பர் ரக்பி 1996-லேயே வந்துவிட்டது. ஃபிஜிக்கு அதில் இடம் கிடைத்தது 2022-ல்தான். அதுவரை அந்த ஊர்ப் பையன்கள் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் என்று போய் அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். சந்தை சின்னது, பணம் வராது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒலிம்பிக் செவன்ஸ் ரக்பியில் இரண்டு தங்கம் வாங்கிய நாடய்யா அது!

சரி, இடம் கொடுத்ததும் என்ன ஆனது? இரண்டாவது சீசனிலேயே ட்ரூவா காலிறுதிக்குப் போனது. அதே வருஷம் லண்டனின் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் இங்கிலாந்தையும், உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவையும் ஃபிஜி தோற்கடித்தது. அந்த அணியில் பாதிக்கு மேல் ட்ரூவா பையன்கள் என்றுதான் எனக்கு ஞாபகம்.

இன்னொன்று, லௌடோகா சர்க்கரை ஆலை ஊர். கரும்பு வெட்ட நம் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனதும் இந்தத் தீவுகளுக்குத்தான்.