சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு?

கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமை சந்தை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் பக்கமிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து இறங்குவார்கள். பூண்டும் கேரட்டும் விற்ற காசில் வீட்டுச் சாமான் வாங்கிவிட்டு, பஸ் ஏறுவதற்கு முன் எங்கள் மெடிக்கல் கடைக்கும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போவார்கள். காய்ச்சல் மாத்திரை, இருமல் மருந்து எல்லாம் போகும். ஆனால் அதிகமாகக் காதில் விழுவது "பாப்பா, ஒரு கேஸ் மாத்திரை குடு" என்பதுதான். நெஞ்சு எரிந்தாலும் அதுதான், வயிறு உப்பினாலும் அதுதான், இரண்டு நாளாக வெளிக்குப் போகாவிட்டாலும் அதேதான்.

நான் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. "கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க? சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு இது ஆரம்பிச்சுச்சு?" என்று கேட்பேன். "மாத்திரை கேட்டா மணி கேக்குறியே" என்று ஒரு தாத்தா சலித்துக்கொண்டார். வாயில் போட்ட சோறு எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று தெரிந்தால், எந்த இடம் மக்கர் செய்கிறது என்பதைப் பாதி ஊகித்துவிடலாம். மீதிப் பாதிக்கு டாக்டர் இருக்கிறார்.

இந்த நேரக் கணக்கைக் கண்ணால் பார்த்து எழுதி வைத்தவர் வில்லியம் போமான்ட் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர். 1822-இல் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞனுக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டு வயிற்றில் ஓட்டை விழுந்தது. ஆள் பிழைத்துவிட்டான், ஓட்டை மூடவேயில்லை. போமான்ட் உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக இரைப்பைக்குள் இறக்குவார், கொஞ்ச நேரம் கழித்து வெளியே இழுத்து எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்ப்பார். வெந்த அரிசி ஒரு மணி நேரம், சுட்ட பன்றிக்கறி ஐந்தேகால் மணி நேரம் என்று அட்டவணையே போட்டு 1833-இல் அச்சிட்டார். அந்தப் பையனிடம் வீட்டு வேலையும் வாங்கிக்கொண்டு சோதனையும் செய்திருக்கிறார், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கொழுப்புள்ள சாப்பாடு இரைப்பையில் அதிக நேரம் தங்கும் என்பது இன்றைக்கும் மாறவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

சாப்பிட்டுப் படுத்த அரை மணியில் நெஞ்சு எரிகிறது, புளித்த ஏப்பம் தொண்டை வரை வருகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் உணவுக்குழாயின் அடிவாசலில். உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர்தான். விழுங்கிய கவளம் பத்து விநாடிக்குள் அதைக் கடந்து இரைப்பைக்குள் போய்விடும். போனதும் அடியில் இருக்கும் தசைவளையம் மூடிக்கொள்ள வேண்டும். அது தளர்ந்தால் இரைப்பையின் அமிலம் மேலேறும். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்க வழவழப்பான பூச்சு உண்டு, உணவுக்குழாய்க்கு அது கிடையாது. காபி, எண்ணெய்ப் பலகாரம், சாக்லேட், புதினா எல்லாம் அந்த வளையத்தைத் தளர்த்தக்கூடியவை. சீசனுக்கு வந்து ஹோம்மேட் சாக்லேட்டைக் கால் கிலோ தின்றுவிட்டு ராத்திரி கடை தேடி வருகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கும் இது குறைவில்லை. இங்கே ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும், குளிர் வேறு. தட்டைக் கழுவிய கையோடு கம்பளிக்குள் புகுந்துவிடுகிறோம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரம் விடுங்கள் என்று சொன்னால், "அதுவரைக்கும் குளிர்ல என்ன பண்றது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு என் பதில், கட்டிலின் தலைமாட்டுக் கால் இரண்டுக்கும் அடியில் செங்கல் வையுங்கள், அரை அடி உயரட்டும். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறு இன்னும் அழுந்தும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும்.

மாத்திரை பற்றி ஒன்று. கேஸ் மாத்திரை என்று வாங்கும் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் எல்லாம் எரியும்போது போட்டு உடனே அணைக்கிற மருந்து இல்லை. அமிலம் சுரக்கும் செல்களில் இருக்கும் பம்புகளை அது அடைக்கிறது, அந்தப் பம்புகள் சாப்பிடும்போதுதான் முழு வேகத்தில் ஓடும். அதனால்தான் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்கிறார்கள். பிரியாணி தின்றுவிட்டு மேலே இதை விழுங்குகிறவர்கள் காசைத்தான் விழுங்குகிறார்கள். டாக்டர் எழுதிய இரண்டு வாரச் சீட்டை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் தின்றால் பி12, மெக்னீசியம் குறைய வாய்ப்பு உண்டு.

இதற்கு நேர்மாறாக, வயிறு காலியாக இருக்கும்போது, குறிப்பாக நடுராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு மேல்வயிற்றில் பிடுங்குகிறது, இரண்டு பிஸ்கட் தின்றால் அடங்குகிறது என்றால் அது வேறு கதை. சிறுகுடலின் முதல் பகுதியில் புண் இருக்கும்போது இப்படித்தான் வரும். அல்சர் என்றதும் மிளகாயைத்தான் எல்லாரும் திட்டுகிறார்கள். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமிதான் பெரிய காரணம் என்று ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பவில்லை என்று 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் முன்னால் நிற்கிறது. உருளை மூட்டை தூக்குகிறவர்கள், நாளெல்லாம் குனிந்து களை எடுக்கிற அக்காமார்கள், எல்லாருக்கும் முதுகு வலி, முட்டி வலி. வெறும் வயிற்றில் கட்டஞ்சாயாவோடு டைக்ளோபெனாக் என்ற வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார்கள். வலியைக் குறைக்கும் அதே வேலைதான் இரைப்பையின் பாதுகாப்புப் பூச்சையும் மெலியச் செய்கிறது. "அப்ப ஊசியாப் போட்டுக்கிறேன், வயித்துக்குள்ளயே போகாதுல்ல" என்பார்கள். ஊசியில் போனாலும் ரத்தம் வழியாக வந்து அதையேதான் செய்யும். மலம் தார் மாதிரி கறுத்து, பிசுபிசுவென்று போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கறுப்பாகப் போகும் என்பதால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கறி விருந்து முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, வலி வலது தோள் வரை போனால் பித்தப்பைக் கல்லைச் சந்தேகப்படலாம். கொழுப்பு வந்ததும் பித்தத்தைப் பிழிந்து கொடுக்கப் பித்தப்பை சுருங்குகிறது, கல் வாயை அடைக்கிறது. ஸ்கேன் பார்த்தால் தெரிந்துவிடும், மாத்திரைக் கடையில் அதற்கு வேலை இல்லை.

அடுத்தது வயிறு உப்புசம். மத்தியானம் தின்றது சாயங்காலமோ ராத்திரியோ உப்பினால், சோறு அதற்குள் பெருங்குடலை எட்டிவிட்டது. சிறுகுடலால் உடைக்க முடியாத சில சர்க்கரைகள் அங்கே இருக்கும் பாக்டீரியாவுக்கு விருந்து. அவை தின்று காற்றை விடுகின்றன. பட்டர் பீன்ஸில் ராபினோஸ் என்ற சர்க்கரை, பூண்டில் பிரக்டான். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் மலைப்பூண்டைப் பற்றி இப்படிச் சொன்னால் பூம்பாறைக்காரர்கள் என்னை விடமாட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு நாலு பல் பூண்டு ஒன்றும் செய்யாது. ஆனால் கொஞ்சம் நுணுக்கமான குடல் உள்ளவர்கள், அதாவது கவலைப்பட்டால் பேதி, பஸ் ஏறப் போகிறோம் என்றாலே வயிறு கலக்கல் என்கிற ஐ.பி.எஸ். ஆட்கள், உப்புசத்துக்கு மருந்தென்று ராத்திரி பூண்டுப்பால் குடித்துவிட்டுக் காலையில் பலூனாக வருகிறார்கள். பிரக்டான் தண்ணீரில் கரையும், ஆக பாலிலும் இறங்கிவிடும். எண்ணெயில் கரையாது. எண்ணெயில் பூண்டை வதக்கி, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசம் உண்டு, வம்பு இல்லை. அப்படிப்பட்டவர்களில் சிலருக்குப் பாலே ஆகாது என்பது தனி. பாலில் உள்ள லாக்டோஸை உடைக்கும் நொதி வயது ஏற ஏறப் பலருக்குக் குறைகிறது. தயிருக்கு மாறினால் பாதிப் பேருக்கு மேல் சமாளித்துவிடலாம் என்பது என் அனுபவம். பட்டர் பீன்ஸை ராத்திரி ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள்.

மலையேறி வருகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இங்கே வந்து சேரும்போது வெடிக்கிற மாதிரி உப்பியிருக்கும், பார்த்திருப்பீர்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ கால் பங்கு விரியும். குடலுக்குள் இருக்கும் காற்றுக்கும் அதே விதிதான். வந்த அன்று சாயங்காலம் வயிறு கடமுடவென்று இருந்தால் பயப்பட வேண்டாம், சும்மா நடந்துவிட்டு வாருங்கள், போக வேண்டியது போய்விடும்.

கடைசியாகப் பெருங்குடல். அங்கே கணக்கு மணியில் இல்லை, நாளில். ஒரு நாளில் இருந்து மூன்று நாள் வரை எடுத்துக்கொள்ளும். அதன் வேலை தண்ணீர் உறிஞ்சுவது. ஒரு நாளில் நாம் குடிப்பது இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் என்று உடம்பே ஊற்றுவதும் சேர்த்து சுமார் 9 லிட்டர் குடலுக்குள் இறங்குகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் திரும்ப எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பெருங்குடல் எடுக்கும், வெளியே போவது 100, 200 மில்லிதான். கிருமி புகுந்து இந்தத் திரும்ப எடுக்கும் வேலை கெட்டால் பேதி. அப்போது ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று கரைத்தால் உப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில் இருக்காது. அந்த இரண்டும் சேர்ந்தால்தான் குடல் சுவர் தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொள்ளும்.

எங்கள் பக்கம் பேதியைவிட மலச்சிக்கல்தான் தீராத பிரச்சினை. குளிரில் தாகம் தெரியாது. அதிலும் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. ஒதுங்க இடம் கிடையாது, அட்டைப்பூச்சி வேறு. காலையில் கஞ்சியோ காபியோ உள்ளே போனதும் பெருங்குடல் ஒரு தள்ளுத் தள்ளும், அது இயற்கையான ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து ஜீப் ஹார்ன் அடிக்கிறது. அடக்கிக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். உள்ளே தங்கியதில் இருந்து இன்னும் தண்ணீர் உறிஞ்சப்பட்டுக் கல்லாகிறது. முக்கி முக்கி மூலம் வருகிறது. இவர்களிடம் "நிறையத் தண்ணீர் குடிங்க, நார்ச்சத்து சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்ப எனக்கு வாய் வருவதில்லை. தோட்டத்து ஓரத்தில் ஒரு கழிப்பறை கட்டினால் என் கடையில் மலமிளக்கி மாத்திரை விற்பது பாதியாகக் குறையும், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஜீப் வருவதற்கு அரை மணி முன்னால் எழுந்து காபி குடித்துவிடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடியை வாங்கினால் தண்ணீர் இல்லாமல் அதைத் தின்னக்கூடாது என்பதையும்.

இவ்வளவு மணிக்கணக்கு கேட்டும், எதிலும் சேராத ஒரு பதில் எப்போதாவது வரும். "சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல பாப்பா. ஏரியில இருந்து கடைத்தெருவுக்கு ஏறி வந்தா நெஞ்சு அடைக்குது, நின்னா சரியாயிடுது." கூடவே வியர்க்கும், இடது கையோ தாடையோ கனக்கும். ஏற்றத்தில் வந்து, நின்றால் போகிற வலி இதயத்தின் வலியாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் சில சமயம் வெறும் ஏப்பமும் மேல்வயிற்றுப் பாரமுமாகவே வரும். இவர்களுக்கு நான் கேஸ் மாத்திரை தருவதே இல்லை. அது கொடுத்து கொஞ்சம் இதமாக இருந்துவிட்டால் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். இங்கிருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர், அதில் பாதி வளைவுப் பாதை. ராத்திரி பதினோரு மணிக்கு வில்பட்டி மாதிரி ஒரு கிராமத்தில் வலி கூடினால் என்ன செய்ய முடியும் என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதனால் பகல் வெளிச்சத்திலேயே, கையில் இருக்கும் பையை என் கடையில் வைத்துவிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் முதலில் ஒரு இ.சி.ஜி. எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறேன். சில பேர் கோபித்துக்கொண்டு அடுத்த கடையில் மாத்திரை வாங்கிவிடுகிறார்கள். பையை வைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.