டைம்அவுட் 30-லிருந்து 90

"டைம்அவுட் மாற்றம்." ஒரு கமிட்டின் (கோடில் செய்த மாற்றத்தின் பதிவு) செய்தியில் இருந்த இந்த இரண்டு வார்த்தைகள் எங்கள் டீமின் இரண்டு நாளைத் தின்றுவிட்டன. டைம்அவுட், அதாவது ஒரு வேலை முடிய அதிகபட்சம் காத்திருக்கும் நேரம், 30 நொடியாக இருந்ததை யாரோ 90 ஆக்கியிருந்தார்கள். காரணம் எங்கேயும் இல்லை. ஒரு வருடம் கழித்து, சர்வர் திணறுகிறதே என்று நான்தான் அதை மறுபடி 30-க்குக் கொண்டுவந்தேன். மாதக் கடைசியில் ஒரு வாடிக்கையாளரின் ரிப்போர்ட் பாதியில் அறுந்து விழுந்தது. அந்த ரிப்போர்ட் ஓடி முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் மாதக் கடைசியில் மட்டும். அதற்காகத்தான் அந்த 90. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், கேட்க ஆளில்லை.

அன்றிலிருந்து, கமிட் செய்தியில் எவ்வளவு எழுதுவது என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான்: டிஃப்பை (பழைய கோடுக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை) பார்த்தாலே தெரிவதை எழுத வேண்டாம், பார்த்தாலும் தெரியாததை விடவே கூடாது. 30 என்பது 90 ஆனது டிஃப்பிலேயே இருக்கிறது. மாதக் கடைசி ரிப்போர்ட் அதில் இல்லை.

குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டங்களின் பழைய சேஞ்ச்லாக் (மாற்றங்களின் பட்டியல்) கோப்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? எந்தக் கோப்பு, எந்த ஃபங்ஷன், என்ன மாறியது என்று ஒவ்வொன்றாகக் கையால் எழுதியிருப்பார்கள், காரணம் வேண்டுமென்றால் கோடிலேயே கமெண்டாக இருக்கட்டும் என்பது அவர்கள் வழக்கம். கோடின் வரலாற்றைச் சேமிக்கும் பழைய கருவியான சிவிஎஸ் காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது, ஏனென்றால் அது ஒவ்வொரு கோப்பின் வரலாற்றையும் தனித்தனியாக வைத்திருந்தது, எந்தெந்த மாற்றம் சேர்ந்து வந்தது என்பதை யாராவது எழுதிவைத்தால்தான் உண்டு. கிட் என்ற புதிய கருவி வந்த பிறகு அந்த வேலையை அதுவே செய்கிறது. குனூவின் கம்பைலரான ஜிசிசி 2020-ல் கிட்டுக்கு மாறிய பிறகு, கமிட் செய்தியிலிருந்தே சேஞ்ச்லாக் கோப்பை ஸ்கிரிப்ட் உருவாக்குகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், மாற்றம் அனுப்புபவரிடம் முதலில் கேட்பதே பிரச்சினை என்ன, பயனருக்கு அது எப்படித் தெரிகிறது என்பதைத்தான். மூன்று வரி மாற்றத்துக்கு மூன்று பத்தி விளக்கம் அங்கே சாதாரணம், அந்த மூன்று பத்தியும் தேவைதான்.

ஆனால் இதெல்லாம் கோடை வைத்து வேலை செய்பவர்களுக்கு. வெளியே போகும் ரிலீஸ் குறிப்பைப் படிப்பவர் வேறு ஆள். கிட் லாகை (எல்லா கமிட் செய்திகளையும்) அப்படியே கொட்டி அதைச் சேஞ்ச்லாக் என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை, 'சில பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்ற ஒற்றை வரியையும்தான். அப்டேட் செய்தால் என் பக்கம் என்ன உடையும்? அவருக்கு வேண்டியது அதுதான். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 15-ம் பதிப்புக் குறிப்பை இதற்கு நல்ல உதாரணமாகச் சொல்வேன். பப்ளிக் ஸ்கீமாவில் (டேட்டாபேஸுக்குள் இருக்கும் பொதுவான பகுதி) எல்லோரும் டேபிள் உருவாக்கலாம் என்ற பழைய அனுமதியை 2022-ல் எடுத்தார்கள். எடுத்தோம் என்பதோடு நிறுத்தாமல், புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸுக்குத்தான் இது, ஏற்கெனவே இருப்பதை அப்கிரேட் செய்தால் பழைய அனுமதியே தொடரும் என்பதையும் சொன்னார்கள். அந்த இரண்டாவது பாதி இல்லையென்றால், புதிதாக டேட்டாபேஸ் உருவாக்கிய டெஸ்ட் சர்வரில் உடைவது, அப்கிரேட் மட்டும் செய்த புரொடக்‌ஷனில் ஏன் உடையவில்லை என்று எத்தனை பேர் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்!

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். போன வாரம் அதே இடத்தில் மறுபடி 90 போட்டேன். இந்த முறை கமிட் செய்தி ஏழு வரி. மாதக் கடைசி ரிப்போர்ட், அது எடுக்கும் நேரம், 30-க்குக் குறைத்தபோது நடந்தது, ரிப்போர்ட்டைப் பின்னணி வேலையாக மாற்றிவிட்டால் இந்த 90 தேவையில்லை என்பது, எல்லாம் அதில் இருக்கிறது. ரிவ்யூவில் ஒருவர் "ரொம்ப நீளம்" என்றார். ஒரு வரியையும் வெட்டவில்லை.