ஸ்கோர் அட்டையில் அடங்க மறுத்த ஆட்டம்

பேஸ்பால் ஆட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டே பார்க்கும் பழக்கம் இந்த செமஸ்டரில்தான் தொற்றிக்கொண்டது. இதுவரை 2-1, 3-0 என்று முடிந்த சாதுவான ஆட்டங்களையே எடுத்துவந்தேன். இந்த வாரம் துணிந்து 2019 ஜூன் 29 அன்று லண்டனில் அமெரிக்க அணிகளான யாங்கீஸுக்கும் ரெட் சாக்ஸுக்கும் நடந்த ஆட்டத்தின் முழுப் பதிவையும் போட்டு உட்கார்ந்தேன். யாங்கீஸ் 17, ரெட் சாக்ஸ் 13. முடிவு முன்பே தெரியும்; ரெட் சாக்ஸ் ரசிகனுக்கு அதுவே பாதுகாப்பு.

குறிக்கும் முறை எளிது. தடுப்பாளர்களுக்கு இடத்தை வைத்து எண்: பந்துவீச்சாளர் 1, மட்டையாளருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் 2, முதல் பேஸ் (ஓடுபவர் தொட வேண்டிய நான்கு முனைகளில் முதலாவது) 3 என்று வலது புறக்காவலர் 9 வரை. 6-4-3 என்று எழுதினால் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிய, அங்கிருந்து அது முதல் பேஸுக்குப் போய் இருவர் அவுட்டான கதை முழுவதும் அதில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நான்கு முனைகளைக் காட்டும் சிறிய வைர வடிவம். ஆட்டக்காரர் சுற்றி வந்து ரன் எடுத்தால் அதைக் கருப்பாக்க வேண்டும். ஆட்ட விவரத்தை அட்டவணையாக்கும் வழக்கத்தை வளர்த்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், கிரிக்கெட்டும் எழுதியவர். அவர் பிறந்த நாட்டில் நடந்த இந்த ஆட்டத்தைக் குறிக்கச் சொல்லியிருந்தால் அவரும் இரண்டாவது பென்சில் கேட்டிருப்பார்.

முதல் இன்னிங்ஸ் மட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். யாங்கீஸின் ஆரோன் ஹிக்ஸ் அடித்த ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடித்து எல்லா பேஸையும் சுற்றி வருவது), ஐரோப்பாவில் உயர்மட்டத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் ஆட்டமொன்றில் அடிக்கப்பட்ட முதலாவது. யாங்கீஸுக்கு ஆறு ரன். பதிலுக்கு ரெட் சாக்ஸின் மைக்கேல் சேவிஸ் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து 6-6 ஆக்கினார். போர்செல்லோ (ரெட் சாக்ஸ்), டனாகா (யாங்கீஸ்) என்ற இரு தொடக்கப் பந்துவீச்சாளர்களும் அந்த இன்னிங்ஸையே முடிக்காமல் வெளியேறினார்கள். போர்செல்லோ எடுத்தது ஒரே ஒரு அவுட். இரண்டு அணிகளும் சொந்த மண்ணில் அணியும் வெள்ளை உடையிலேயே இறங்கியிருந்ததால் கண்ணும் அடிக்கடி தடுமாறியது.

அட்டையைச் சரிபார்க்க ஒரு கணக்கு உண்டு. களமிறங்கிய மட்டையாளர்களின் எண்ணிக்கை, ரன், அவுட், பேஸில் மிஞ்சியவர்கள் மூன்றையும் கூட்டினால் வருவதற்குச் சமமாக இருக்க வேண்டும். மூன்று அவுட்டானால் ஓர் அணியின் இன்னிங்ஸ் முடியும்; ஆறு ரன்னும் மூன்று அவுட்டும் சேர்ந்தாலே ஒன்பது. அதாவது ஆறு ரன் எடுத்த இன்னிங்ஸில் ஒருவர் விடாமல் ஒன்பது பேரும் மட்டை பிடித்தே ஆக வேண்டும். இந்த ஆட்டத்தில் அது நான்கு முறை நடந்தது: முதல் இன்னிங்ஸில் இரு அணிக்கும், நான்காவதில் யாங்கீஸுக்கும், 17-7 என்று பின்தங்கிய பிறகு ஏழாவதில் ரெட் சாக்ஸுக்கும். அந்த நெடுங்கட்டங்கள் மேலிருந்து கீழ் வரை நிரம்பி, கரி தேய்ந்து, என் உள்ளங்கையின் ஓரமும் கருப்பாகிவிட்டது.

ரன் மழை என்றால் மட்டையாளர்களின் விருந்து என்றுதான் நினைத்திருந்தேன். அட்டையோ வேறு சொல்கிறது. முதலில் இடம் தீர்ந்தது பந்துவீச்சாளர்களுக்கான கீழ்ப்பகுதியில். ஒரு பந்துவீச்சாளர் பேஸில் விட்டுப்போன ஆட்களை அடுத்து வருபவர் ரன் எடுக்க விட்டாலும் அந்த ரன் முன்னவர் கணக்கில்தான் ஏறும் என்பதால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் யார் யாருடைய ஆள் என்று கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். நாலே முக்கால் மணி நேரத்தை நெருங்கிய அந்த ஆட்டத்தில் எனக்கு வேலை வாங்கியது ஹோம் ரன்கள் அல்ல, இந்தக் கோடுகள்தான்.

அடுத்தது மறுநாள் ஆட்டம். அதிலும் யாங்கீஸுக்கே வெற்றி, 12-8. ஏழாவது இன்னிங்ஸில் மட்டும் ஒன்பது ரன். அப்படியென்றால் குறைந்தது பன்னிரண்டு பேர், மூவர் இரண்டாம் முறை வர வேண்டும். புது அட்டையில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே கூடுதலாக ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.