சர்ச் பார்க்கிங்கில் ஒரு ஹாலோவீன்

அக்டோபர் 5, ஞாயிறு. பிளேனோ, டெக்சாஸ்

ஆராதனை முடிந்ததும் 'டிரங்க் ஆர் ட்ரீட்' கூட்டம். இந்த வருடம் ஒருங்கிணைப்பு என் பொறுப்பு. ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஹாலோவீன் அன்று (அக்டோபர் 31) பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். அதற்குப் பதிலாகச் சர்ச் பார்க்கிங்கில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து அலங்கரித்து வைப்போம். பிள்ளைகள் கார் காராகப் போய் வாங்கிக்கொள்வார்கள். அமெரிக்கா முழுக்க ஏராளமான சபைகள் இதைச் செய்கின்றன. சில இடங்களில் 'அறுவடை விழா' என்று பெயர் வைத்து, வைக்கோல் பரப்பிய வண்டியில் பிள்ளைகளைச் சுற்றிக்கொண்டு வருவார்கள்.

தேதிதான் இழுத்தது. முந்தைய ஞாயிறே வைத்துவிடலாம் என்றார் ஒரு மூத்தவர். 31 அன்று எல்லாரையும் இங்கே கூப்பிட்டுவிட்டால் தெருவில் வாசல் விளக்கு போட ஆள் இருக்காதே என்பது அவர் கவலை. நியாயம்தான். பல தெருக்களில் வருடத்துக்கு ஒரு முறை அண்டை வீட்டார் முகம் பார்க்கும் நாள் அது. ஆனால் எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் உள்ள அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரு எங்கே இருக்கிறது? கேட்டைத் தாண்டினால் ஆறு வழிச் சாலை. கடைசியில் 31, வெள்ளிக்கிழமை, மாலை 5.30 முதல் 7.30 வரை என்று முடிவானது. தனி வீட்டில் இருக்கும் வயதானவர்கள் கார் கொண்டுவர வேண்டாம், வாசலில் விளக்கைப் போட்டு உட்கார்ந்து அங்கே வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறோம்.

அக்டோபர் 8, புதன்

மிட்டாயில் யாராவது விஷம் கலந்துவிட்டால் என்று ஒரு அம்மா கேட்டார். எல்லா வருடமும் வரும் கேள்வி. டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதலான செய்திகளைத் தேடி ஆராய்ந்தவர். முன்பின் தெரியாத ஒருவர் ஹாலோவீன் மிட்டாயில் விஷம் வைத்துக் குழந்தையைக் கொன்றதாக ஒரு சம்பவம்கூட அவருக்கு உறுதிப்படவில்லை. எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் 1974 கொலை நடந்தது எங்கள் டெக்சாஸில்தான். ஆனால் சயனைடு கலந்தது அந்தப் பையனின் சொந்தத் தகப்பன், காப்பீட்டுப் பணத்துக்காக.

உண்மையான ஆபத்து கார். 1975 முதல் 2016 வரையிலான விபத்துக் கணக்கைப் பார்த்த ஒரு ஆய்வு, ஹாலோவீன் மாலையில் நடந்து போகிறவர்கள் வண்டி மோதிச் சாகும் அபாயம் மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்றது. 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து மடங்கு. மாலை ஆறு மணியை ஒட்டித்தான் மோசம். அந்த நேரத்தில் பிள்ளைகள் சாலையில் இல்லாமல் எங்களோடு இருப்பார்கள். ஆனால் பார்க்கிங்கிலேயே கார் ஓடினால் என்ன பிரயோஜனம்? அதனால் கண்டிப்பான விதி: 5 மணிக்குமேல் உள்ளே எந்த வண்டியும் அசையக் கூடாது. வாசலில் வண்டிகளைத் தடுக்கும் பிளாஸ்டிக் கோன்களை வைத்து இரண்டு பேர் நிற்பார்கள். விருந்தினர் வண்டிகள் எதிரே உள்ள பள்ளி மைதானத்தில்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று எனக்குக் கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது. பெயர், போன் நம்பர் எழுதிக்கொடுத்து, பத்து நிமிடப் பிரசங்கம் கேட்டபிறகுதான் மிட்டாய் என்று ஒரு யோசனை வந்தது. கூடவே கூடாது என்றேன். ஆறு வயதுக் குழந்தை கையில் பையோடு நிற்கும்போது அதற்கு ஒரு விலை வைப்பது விருந்தோம்பல் இல்லை. இந்த நாளில் நரகத்தை நாடகமாகக் காட்டிப் பயமுறுத்தும் சபைகளும் இந்த நாட்டில் உண்டு. ஆள் வந்தாலும் அங்கே அன்பு வராது என்பது என் எண்ணம். பாஸ்டர் என் பக்கம் நின்றார். ஜெபம் வேண்டுவோருக்கு ஓரமாக ஒரு மேசை இருக்கும், விருப்பப்பட்டவர்கள் வரலாம்.

இன்னொன்று: ரத்தம், மண்டை ஓடு எல்லாம் எங்கள் அலங்காரத்தில் கிடையாது. ஆனால் எலும்புக்கூடு வேஷத்தில் ஒரு பையன் வந்தால் அவனுக்கும் கை நிறைய உண்டு.

அக்டோபர் 19, ஞாயிறு

பெரியம்மா தூத்துக்குடியிலிருந்து போன். "பேய் நாளைப் போய் சர்ச்சுல கொண்டாடுறீங்களாமே?" நவம்பர் 1 சகல பரிசுத்தவான்கள் திருநாள், அதற்கு முந்தின இரவுதான் இது, 2ஆம் தேதி நீங்கள் மெழுகுவர்த்தியோடு போவீர்களே கல்லறைத் திருநாள், அந்த வரிசையில் வருவது என்று சொன்னேன். "சரி, பிள்ளைங்க சந்தோஷமா இருக்கட்டும்" என்றார்.

மாலையில் மாடி வீட்டு மதுரைப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, நாங்க கோயிலுக்குப் போறவங்க, கூட்டிட்டு வரலாமா? சின்னவனுக்குக் கடலை வேற ஆகாது." தாராளமாக வா என்றேன். அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்காக நீலப்பச்சை நிறத்தில் பூசணிக்காய் வைக்கும் பழக்கம் 2014 முதல் நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. அந்த நிறப் பூசணி இருந்தால் தின்பண்டம் அல்லாத பொருளும் அங்கே கிடைக்கும் என்று அர்த்தம். நுழைந்ததும் கண்ணில் படுகிற முதல் காரையே அப்படி வைத்துவிட்டோம்: பென்சில், ஸ்டிக்கர், குமிழி ஊதும் சீசா.

அக்டோபர் 31, வெள்ளி, இரவு

கால் கெஞ்சுகிறது, ஆனாலும் இன்றே எழுத வேண்டும். ஒரு காரின் டிக்கி முழுக்க, பைபிள் கதையில் யோனாவை விழுங்கிய பெரிய மீனின் வாய். மேலும் கீழும் அட்டைப் பற்கள், உள்ளே மிட்டாய்க் கூடை. கை விட்டு எடுக்கும் ஒவ்வொரு குழந்தையும் அலறிவிட்டுச் சிரித்தது. சக்கர நாற்காலியில் தேவதை வேஷம் போட்டு வந்த சிறுமிக்கு இரண்டு கார்களுக்கு நடுவே இடம் போதவில்லை. அந்தக் கார்க்காரர்கள் கூடையோடு கீழே இறங்கி அவளிடம் வந்தார்கள். மதுரைக்காரியின் சின்னவன் முதல் காரைவிட்டு நகரவே இல்லை. குமிழி ஊதி முடித்துவிட்டு இன்னொரு சீசா கேட்டான். அவன் அப்பா எங்கள் ஆட்களோடு சேர்ந்து கோன்களை எடுத்து அடுக்கினார். 7.30க்குப் பிறகும், கடைசிக் குழந்தை சாலையைக் கடக்கும்வரை எந்தக் காரும் ஸ்டார்ட் ஆகவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கோடைக்கால நேரம் முடிந்து இன்று இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைத்தும் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில்தான் வந்தார்கள். மிச்சம் இருந்த மிட்டாய் உணவு வங்கிக்குப் போகிறது. அபார்ட்மென்டில் ஸ்பானிஷ் மட்டும் பேசும் குடும்பங்கள் நிறைய. ஆங்கில நோட்டீஸ் அவர்களிடம் போய்ச் சேரவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. அடுத்த முறை இரண்டு மொழியிலும் அடிக்க வேண்டும், கார்களுக்கு நடுவே சக்கர நாற்காலி தாராளமாகத் திரும்ப இடம் விட வேண்டும். இரண்டையும் இன்றே பாஸ்டருக்கு எழுதி அனுப்புகிறேன்.