கொரோலாவுக்குப் புது ஷொக் அப்சோபர்: எலைன்மென்ட் பார்க்கத்தான் வேண்டுமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்ட ரோட்டில் ஓடும் காருக்கு ஷொக் அப்சோபர் கனகாலம் தாங்காது. என் கொரோலா 121க்கு நான்கையும் வீட்டிலேயே மாற்றப் போகிறேன் என்றதும் கராஜ் பாஸ், "எதைக் கழற்றினாலும் எலைன்மென்ட் பார்க்கணும் தம்பி" என்றார். சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து சரிசெய்வதுதான் எலைன்மென்ட். வேன் ஓட்டும் அண்ணன் ஒருவரோ, "ஸ்டியரிங் நேரா நின்னா போதும், வீண் செலவு" என்றார். சரி, அளந்தே பார்ப்போம் என்று இறங்கினேன்.

மலையில் இதற்குச் சமதரை தேடுவதே பெரும்பாடு. கடைசியில் கோயில் முன்றல்தான் கைகொடுத்தது. முன் டயர்களை ஜக்கில் தூக்கிச் சுற்றவிட்டு, ஆணி முனையால் நடுவில் மெல்லிய கோடு கீறினேன். காரை இறக்கிக் கொஞ்சம் உருட்டிய பிறகு, கோட்டுக்குக் கோடு முன்புறம் ஒரு தடவை, பின்புறம் ஒரு தடவை டேப் பிடித்தோம். இந்த இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோ, அதாவது சக்கரங்கள் முன்னால் குவிந்தோ விரிந்தோ நிற்கும் அளவு. பழைய ஷொக்குடன் 1 மில்லிமீட்டர்.

பின்பக்கம் எளிது. இரண்டு சக்கரமும் ஒரே பீமில் (குறுக்குச் சட்டத்தில்) இருப்பதால், ஷொக் குலுக்கலை அடக்குமே தவிர சக்கரத்தின் கோணத்தில் தலையிடாது. அங்கே எலைன்மென்ட் தேவையில்லை. வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கிற முன்பக்க ஸ்டெபிலைசர் லிங்க்கும் அப்படித்தான், மாற்றிய பிறகும் அளவு அசையவில்லை.

முன் ஷொக்தான் வேறு கதை. சக்கரத்தை நிமிர்த்திப் பிடிப்பதே அது. சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு அது சேரும் இரண்டு போல்ட்டும் துளைக்குள் மயிரிழை தளர்வாக இருக்கும். இறுக்குவதற்கு முன் டிஸ்க்கின் மேல்விளிம்பைப் பிடித்து ஆட்டினால் உள்ளே வெளியே அசைவது கண்ணுக்கே தெரிகிறது. அந்த அசைவில் மாறுவதுதான் கேம்பர், சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம். கேம்பர் மாறினால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ரொட்டின் நீளம் மாறாததால் டோவும் இழுபடும். புதிதைப் பூட்டி மறுபடி அளந்தபோது முன்புறம் 4 மில்லிமீட்டர் விரிந்திருந்தது. ஸ்டியரிங் மட்டும் நேராகவே நின்றது! இரண்டு பக்கமும் ஒரே அளவு விலகினால் அது நேராகத்தான் நிற்கும். அண்ணனுக்கு இதைக் காட்டினேன், சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஓட்டிப் பார்த்தும் இதைப் பிடிக்க முடியாது. எங்கள் ரோடு கான் பக்கம் சரிவு, நல்ல காரே அந்தப் பக்கம் சாயும். டயரின் வெளிவிளிம்பு தேய்வதும் கொண்டை ஊசி வளைவுகளால் வருவதாக இருக்கலாம். உள்விளிம்பைத் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பும் மறுதிசையில் ரம்பப் பல்லும் தட்டினால்தான் டோவைச் சந்தேகிக்க வேண்டும்.

இப்போதைக்கு இரண்டு டை ரொட்டையும் சம அளவு திருப்பி டோவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கேம்பரை மெஷினில்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் லோவர் ஆம் புஷ், அதாவது சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கையின் ரப்பர் மூட்டு, மாற்ற வேண்டியிருக்கிறது. அதுவும் கோணத்தை அசைக்கும் என்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே எலைன்மென்ட். புஷ் போல்ட்டைக் கார் தன் பாரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜக்கில் தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியும். மழை விட்டதும் அந்த வேலை.