எட்டு வயர் பத்தவில்லை

மூன்று வாரமாக நான் பின்னிக்கொண்டிருக்கும் நீல பிளாஸ்டிக் வயர் கூடை, போன சனிக்கிழமை 15ஆவது சுற்றோடு நின்றுவிட்டது. நீளப் பக்கத்து வயர்கள் ஆளுக்கு ஓர் அடி மிச்சத்தோடு சுகமாகத் தொங்கின. அகலப் பக்கத்து வயர்களோ விரலால் பிடிக்கக்கூட முடியாதபடி குட்டையாகிவிட்டன. இன்னும் 3 சுற்று பாக்கி இருந்தது.

அன்றைக்கே குழம்பு பாதி கொதிக்கும்போது சிலிண்டரும் தீர்ந்தது. எங்கள் வீட்டில் தீர்வதெல்லாம் கூடிப் பேசிக்கொண்டுதான் தீரும். மாற்று சிலிண்டரை உருட்டி வந்து மாட்டிய வீட்டுக்காரர், தரையில் கிடந்த கூடையைப் பார்த்து, "இதுவும் காலியா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

இது என்னுடைய நாலாவது கூடை. முதல் மூன்றும் சின்னவை. ஒன்றில் வெங்காயம் இருக்கிறது, ஒன்றில் அத்தையின் மருந்து மாத்திரைகள், இன்னொன்று மகளின் சைக்கிளில். அதனால் கொஞ்சம் திமிர் வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். அடிப்பாகம் 20க்கு 8 முடிச்சு, உயரம் 18 சுற்று, சாதாப் பின்னல், நீலத்தில் நடுவே இரண்டு சுற்று வெள்ளை. கணக்கே போடாமல் எல்லா வயரையும் 7 அடியாக வெட்டினேன். சின்னக் கூடைகளுக்கு எல்லாமே 5 அடி. அங்கே வேலை செய்த கணக்கு இங்கேயும் செய்யும் என்று ஒரு நினைப்பு.

எங்கே தப்பு என்று ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் உட்கார்ந்து பார்த்தேன். துண்டு வயரில் 10 முடிச்சு போட்டு, அவிழ்த்து, டேப் வைத்து அளந்தால் 16 அங்குலம். அதாவது ஒரு முடிச்சு ஒரு வயரில் 1.6 அங்குலம் தின்கிறது. (என் கை இறுக்கத்துக்கு இது. தளர்வாகப் போடுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும்.) இனி கணக்கு சுலபம். நீளப் பக்கத்தில் தொங்கும் வயர் அடியில் 8 முடிச்சு, இரண்டு பக்கமும் 18, 18 ஏறினால் மொத்தம் 44. 70 அங்குலம் போதும். 84இல் 14 மிச்சம். அகலப் பக்கத்து வயரோ அடியில் 20 முடிச்சுக்குப் படுத்துக் கிடந்துவிட்டுத்தான் ஏறுகிறது. 20, 18, 18, ஆக 56. கிட்டத்தட்ட 90 அங்குலம், அதற்கு மேல் மடித்துச் செருக வால் வேறு. 7 அடி என்பது 84 அங்குலம்தான். எந்தக் காலத்தில் பத்தும்?

இதைப் பின்னத் தெரிந்த யாரும் படித்தவுடன் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரியுங்கள். அடிப்பாகத்து வரிகளுக்கான வயரைத் தனியாக, ஓர் அடி கூட்டி வெட்ட வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

சரி, ஒட்டுப் போட வேண்டும். 8 வயர், 16 நுனி. புது வயரைப் பழைய வயரின் மேல் வைத்து இரண்டையும் சேர்த்து இரண்டு முடிச்சாவது போட்டால்தான் பிடிக்கும். ஆனால் பழைய வயரில் பிடிக்கவே நுனி இல்லையே. அதனால் மேலே இருந்து இரண்டு சுற்றை அவிழ்க்க வேண்டியதாயிற்று. ஒரு சுற்றுக்கு 56 முடிச்சு. இரண்டு சுற்று, 112 முடிச்சு. போடும்போது பாட்டுக் கேட்டுக்கொண்டே போட்ட முடிச்சுகள், அவிழ்க்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கோபித்துக்கொண்டன.

இந்த இடத்தில் கோணூசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்க்ரூடிரைவர், கொண்டை ஊசி, மகளின் காம்பஸ் முள் எல்லாம் முயன்றாயிற்று. ஸ்க்ரூடிரைவர் வயரைக் கீறுகிறது. காம்பஸ் முள் குத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. கடைசியில் அத்தைதான் அரிசி மூட்டை தைக்கிற கோணூசியை எடுத்துக் கொடுத்தார்கள். அதன் வளைந்த முனையை முடிச்சின் மூலையில் நுழைத்து, குத்தாமல், நெம்பாமல், லேசாக உருட்ட வேண்டும். அப்போது மேல் வயர் அரை விரல் தூக்கிக் கொடுக்கும். அந்த இடைவெளியில் நகத்தைக் கொடுத்து இழுத்தால் முடிச்சு கழன்றுவிடும். முதல் 30 முடிச்சுக்கு ஒரு மணி நேரம். உருட்டுகிற சூட்சுமம் பிடிபட்ட பிறகு மிச்ச 82ம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கழற்றிய வயர் சுருள்சுருளாக நிற்கும். அதை வெயிலில் கால் மணி நேரம் போட்டு எடுத்து இழுத்துவிட்டால் படிந்துவிடுகிறது. திருச்சி வெயிலுக்கு இந்த ஒரு உபயோகமாவது இருக்கட்டும்.

அப்புறம் வயர். நீலம் ஒரு முழம்கூட மிச்சமில்லை. பெரியகடை வீதியில் வாங்கிய கடைக்கே போனேன். அதே நீலம்தான் என்று எடுத்துக் கொடுத்தார்கள். கூடையைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தால் ஒன்று மயில் கழுத்து, ஒன்று பள்ளிச் சீருடை. லாட்டுக்கு லாட்டு சாயம் மாறும் என்று கடைக்காரர் சொன்னார். இதை முதலில் சொல்லியிருந்தால் ஒரு ரோல் கூடுதலாக வாங்கியிருப்பேனே. சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் இன்னொரு கடையில் நிறம் ஏறக்குறைய ஒத்துப்போனது. ஆனால் வயரை மடித்து நகத்தால் அழுத்திப் பார்த்தேன், மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தது. வெள்ளைக் கோடு விழுகிற வயரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி இழுத்ததாக இருக்கலாம். பின்னி முடித்து ஆறு மாதத்தில் மூலையில் படபடவென்று விட்டுவிடும். முன்பு வீட்டில் இருந்த ஒரு கூடை அப்படித்தான் போனது, தக்காளியோடு.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு இங்கே தடை வந்தபோது வயர் கூடைக்கு மறுபடி மவுசு வந்தது. அப்போது வாங்கிய ரோல்கள் இன்றைக்கும் கையில் எண்ணெய் தடவியதுபோல் வழுவழுவென்று இருக்கின்றன. மஞ்சப்பைதான் நல்லது, இதுவும் பிளாஸ்டிக்தானே என்று மகள் பாடம் எடுக்கிறாள். உண்மைதான். ஆனால் மஞ்சப்பையில் தயிர்ப் பாத்திரத்தை நிமிர்த்தி வைத்துப் பஸ்ஸில் வந்து பார்க்கட்டும்.

வெறுங்கையோடு வீடு திரும்பி மாடியில் துணி எடுக்கப் போனேன். அவரைப் பந்தலில் கொடியைக் கம்போடு சேர்த்துக் கட்டியிருந்தது நீல நிறத்தில். கிட்டே போய்ப் பார்த்தேன். என் நீலம்! முதல் வாரத்தில் வயர் வெட்டியபோது மிஞ்சியதை, குப்பை என்று நினைத்து வீட்டுக்காரர் எடுத்துப்போய் ஆளுக்கு ஓர் அடி வெட்டிக் கொடிக்குக் கட்டியிருக்கிறார். எனக்கு வேண்டியதும் ஓர் அடித் துண்டுகள்தான்: 14ஆவது சுற்று முதல் 18ஆவது வரை 5 முடிச்சுக்கு 8 அங்குலம், செருக 4 அங்குலம். எண்ணிப் பார்த்தேன், 14 கட்டு இருந்தது. 16 தேவை. கொடிக்குச் சணல் கட்டிவிட்டு 14ஐயும் கழற்றிக்கொண்டேன். கேட்கவில்லை. அவர் என்னைக் கேட்டாரா?

மீதி இரண்டு நுனிக்கு மஞ்சள் போட்டேன். மருந்துக் கூடையின் மிச்சம் அது.

ஒட்டுப் போட்டதில் ஒரு பெருமை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடமாட்டேன். இரண்டு வயர் சேர்ந்த முடிச்சு தொப்பை போட்டதுபோல் புடைத்துக்கொண்டு நிற்கும். முதல் நுனி அப்படித்தான் வந்தது. பிறகு பழைய வயரின் கடைசி மூன்று அங்குலத்தை பிளேடால் நீளவாக்கில் பாதியாகச் சீவி மெலிதாக்கி, அதன் மேல் புது வயரை வைத்துப் போட்டேன். 16இல் 13 நுனி தடவிப் பார்த்தால்தான் தெரிகிறது. முதல் ஒன்று மட்டும் தொப்பையோடு இருக்கிறது. ஒன்றில் அளவுக்கு மேல் சீவி அறுந்தது. இன்னொன்றில் அறுந்தது என் கட்டைவிரல். வயரைத் தரையில் வைத்து, பிளேடை வெளிப்பக்கமாக ஓட்டுங்கள். மடியில் வைத்துச் செய்யாதீர்கள்.

18 சுற்றும் முடிந்தது புதன்கிழமை இரவு. நுனிகளை உள்பக்கம் மூன்று முடிச்சுக்குள் செருகி நறுக்கியாயிற்று. மகள் வந்து பார்த்துவிட்டு, "இந்த மஞ்சள் மட்டும் ஏன்மா?" என்றாள். டிசைன் என்றேன். நம்பிவிட்டாள். அத்தை நம்பவில்லை, ஆனால் சொல்லவும் இல்லை. அவர்கள் சொல்லாமல் இருப்பது சொல்வதைவிடக் கஷ்டம்.

இப்போது கைப்பிடி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. 10 அடி வயர் இரண்டை மடித்து நான்கு இழை, உள்ளே தாங்குவதற்கு இரண்டு வயர். நான்கு இழையையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக் கோத்து இறுக்குகிற பின்னல்தான், தெரிந்திருக்கும். எல்லாச் சுற்றையும் ஒரே பக்கமாக மடித்துக்கொண்டே போனால் முறுக்கு விழும். ஒன்று வலம், அடுத்தது இடம் என்று மாற்றி மாற்றிப் போட்டால் நான்கு முகமாகச் சதுரக் கட்டையாக நிற்கும். சதுரம் பார்க்க அழகு, ஆனால் கனம் தூக்கினால் அதன் விளிம்பு விரலில் அறுக்கிறது. முறுக்கு உள்ளங்கைக்கு இதம். நான் மணப்பாறைக்காரி, முறுக்கு வராவிட்டால் அவமானம் என்று முறுக்கையே எடுத்தேன்.

14 அங்குலக் கைப்பிடியில் பாதி வரை அருமையாக வந்தது. அப்போது போன் அடித்தது. மணப்பாறையிலிருந்து அம்மா. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பின்னியதில், எந்தப் பக்கம் மடிக்கிறோம் என்ற கவனம் போய்விட்டது. பேசி முடித்துப் பார்த்தால் பாதி முறுக்கு, அதற்கு மேல் சதுரம். ரயில் தண்டவாளம் மாறினதுபோல் ஒரு இடம்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். பரணைச் சுத்தம் செய்ததாகவும், நான் ஸ்கூலுக்குச் சாப்பாடு கொண்டுபோன பச்சைக் கூடை கிடைத்ததாகவும் அம்மா சொன்னாள். போடட்டுமா வைக்கட்டுமா என்று கேட்டாள். அந்தக் கூடை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அகலப் பக்கத்தில் மேலே மட்டும் நாலைந்து கட்டம் சிவப்பாக இருக்கும். வகுப்பில் வேறு யார் கூடையிலும் அப்படி இருக்காது. அது எனக்கு ஒரு கர்வம். சிவப்பு என் பக்கம் தெரியும்படிதான் மடியில் வைத்துக்கொள்வேன்.

இடுக்கியிருந்த போனைக் கையில் எடுத்தேன். "அம்மா, அந்தச் சிவப்பு டிசைன் எப்படிப் போட்டே?"

"என்னத்த டிசைனு? வயர் பத்தலடி. எல்லாத்தையும் ஒரே அளவா வெட்டித் தொலைச்சுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்து, மகளை எட்டிப் பார்த்தேன். ஹாலில் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

பச்சைக் கூடையை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் போகும்போது அதன் கைப்பிடியை நன்றாகப் பார்க்க வேண்டும். அம்மா உள்ளே பழைய குடைக் கம்பி வைத்துப் பின்னினாளாம், அதனால்தான் இத்தனை வருஷம் தொங்காமல் நிற்கிறதாம். கம்பி துருப்பிடிக்காதா என்றால், மழையில் நனைத்தால்தானே என்கிறாள். அடுத்தது சிவன் கண் என்கிற பின்னலில் ஒரு கூடை போடலாம் என்று ஆசை. கறுப்பும் வெள்ளையும் ஏற்கெனவே வாங்கி வைத்தாயிற்று, இந்த முறை ஒரே லாட்டில் ஒரு ரோல் கூடுதலாக. நெல்லிக்காய் முடிச்சு என்று இன்னொரு வகை இருக்கிறது, அது இப்போதைக்கு வேண்டாம். அதை அவிழ்க்க நேர்ந்தால் கோணூசிகூட உதவாது என்று அத்தை சொல்கிறார்கள்.

நீலக் கூடைக்கு இன்னொரு கைப்பிடி பாக்கி இருக்கிறது. முதல் கைப்பிடியைப் பிரிப்பதா, இரண்டாவதையும் அதேபோல் பாதி முறுக்கு பாதி சதுரமாகப் போட்டு ஜோடி சேர்ப்பதா என்று இரண்டு நாளாக யோசனை. ஒற்றைக் கைப்பிடியோடு 3 கிலோ அரிசி வைத்துத் தூக்கிப் பார்த்தேன். தாங்கியது, ஆனால் கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்து அரிசி கால் படி கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை தென்னூர் உழவர் சந்தைக்கு எடுத்துப்போக வேண்டும் என்பதால் பிரிக்கவெல்லாம் நேரமில்லை. இன்றிரவு போனை அணைத்து வைத்துவிட்டு உட்காரப்போகிறேன்; ஏழு அங்குலம் முறுக்கு, ஏழு அங்குலம் சதுரம்.