பிக்கப்புக்குக் கூடுதல் ரிவர்ஸ் லைட்: ரிலே, எர்த், செம்மண்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். சாமான் ஏற்றி இறக்குவதெல்லாம் பெரும்பாலும் பின்தெருவில்தான், அங்கே தெருவிளக்கு எரிந்தால் அதிர்ஷ்டம். கல்யாண வீட்டு அண்டா குண்டாவை இறக்கிவிட்டு ராத்திரி 11 மணிக்குப் பிக்கப்பைப் பின்னால் எடுக்கும்போது, கம்பெனி போட்ட 21 வாட் பல்பு தூசி படிந்த கண்ணாடிக்குள் மினுக்குமே தவிர எதையும் காட்டாது. பின்னால் நிற்கிற பையன் ‘வரலாம்ணே, வரலாம்ணே’ என்பான். ஊருணிக் கரை எங்கே முடிகிறது என்று அவனுக்கும் தெரியாது.

இதற்கு ஆளுக்கொரு பெரிய ‘பார் லைட்’ வாங்கி மாட்டுகிறார்கள். வேண்டாம். ரிவர்ஸுக்குத் தேவை தூரம் இல்லை, அகலம். தலா 18 வாட் ஃப்ளட் வகை (ஒளியை அகலமாகப் பரப்பும்) எல்.இ.டி. இரண்டு போதும். ஸ்பாட் வகை வாங்கினால் 30 மீட்டர் தள்ளியிருக்கிற சுவர் பளிச்சென்று தெரியும், டயருக்குப் பக்கத்தில் இருக்கிற சாக்கடை தெரியாது. பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டையும் அப்படியே நம்பவேண்டாம். கடையிலேயே பாட்டரியில் கொடுத்து மீட்டரில் ஆம்பியர் பாருங்கள். 18 வாட் விளக்கு சுமார் 1.4 ஆம்பியர் இழுக்க வேண்டும்.

மற்ற சாமான்: சாக்கெட்டோடு 12 வோல்ட் 4 பின் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) 1, பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் 1, 7.5 ஆம்பியர் ஃபியூஸ் 2 (ஒன்று உபரி), 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி வயர் சிவப்பில் 8 மீட்டர், கறுப்பில் 2 மீட்டர், சிக்னலுக்கு 0.75 சதுர மி.மீ. வயர் 3 மீட்டர், 6 மி.மீ. துளை உள்ள ரிங் லக், ஹீட் ஷ்ரிங்க், சுருள் பைப், டேக்.

‘ரெண்டு எல்.இ.டி. மொத்தமே 3 ஆம்பியர், ரிவர்ஸ் பல்பு வயரிலேயே சொருகிவிடலாமே, ரிலே எதற்கு?’ என்று கேட்பார்கள். கணக்கு சரிதான். 2 பல்பு உள்ள வண்டியில் அவை 3.5 ஆம்பியர், இது 3, ஆக 6.5. அந்த லைனில் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் தாங்கும். ஆனால் கியர் பாக்ஸில் இருக்கிற ரிவர்ஸ் ஸ்விட்சின் தொடுமுனை சின்னது, இரண்டு மடங்கு கரண்டை நாள் முழுக்கத் தட்டித் தட்டி அது கருகும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கல் அடித்துக் கூடுதல் லைட் வயர் ஷார்ட் ஆனால் அந்த ஃபியூஸ் போகும், அதோடு கம்பெனி ரிவர்ஸ் லைட்டும் பஸ்ஸரும் சேர்ந்து போகும். ரிலே போட்டால் அந்த லைனிலிருந்து எடுப்பது காயிலுக்கான 0.15 ஆம்பியர் மட்டும்.

வேலை தொடங்குமுன் பாட்டரி மைனஸைக் கழற்றி வயர்களை ஓட்டி முடியுங்கள். சிக்னல் தேடும்போது மட்டும் மாட்டுங்கள். கை பிரேக் போட்டு, இஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ரிவர்ஸ் கியர் போடவும். கியர் பாக்ஸ் ஸ்விட்சில் இரண்டு வயர் இருக்கும். ஒன்றில் சாவி போட்டதுமே 12 வோல்ட் வரும். இன்னொன்றில் ரிவர்ஸ் விழுந்தால்தான் வரும், உங்களுக்கு வேண்டியது அதுதான். வயரின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், மாடலுக்கு மாடல் மாறும். சில புது வண்டிகளில் இந்த வயர் நேரே கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகிறது. அங்கே கை வைக்காமல் பின் விளக்குப் பக்கம் சிக்னல் எடுக்கவும், அதற்குச் சிக்னல் வயர் கூடுதலாக வேண்டும். பிரேக், இண்டிகேட்டர், பார்க்கிங் லைட் மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு, அந்த வயரில் எதற்கும் வோல்ட் வரவில்லை என்று பார்த்த பிறகே சீவவும்.

ரிலேயை இஞ்சின் பக்கம் பாட்டரிக்கு அருகில், பின்கள் கீழ்நோக்க மாட்டவும். பின்னால் சேஸில் மாட்டினால் வயர் மிச்சமாகும், ஆனால் ஒரு மழைக்காலம் தாண்டாது. இணைப்பு இவ்வளவுதான் (எண்கள் ரிலேயின் பின்களில் எழுதியிருக்கும்): 30-க்குப் பாட்டரி பிளஸ், நடுவில் ஃபியூஸ். 87-லிருந்து விளக்குகளுக்கு. 86-க்கு ரிவர்ஸ் சிக்னல். 85-க்கு எர்த், அதாவது பாட்டரி மைனஸோடு சேர்ந்த சேஸ். ஃபியூஸ் பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும், ஏனென்றால் ஃபியூஸுக்கு முன்னால் இருக்கிற வயருக்குக் காவல் கிடையாது. கடையில் 5 பின் ரிலேதான் கிடைத்தது என்றால் நடுவில் இருக்கும் 87ஏ-வைத் தொடாதீர்கள். ரிவர்ஸ் போடாதபோதெல்லாம் அதில் 12 வோல்ட் நிற்கும். தவறி அதில் கொடுத்துவிட்டால் விளக்கு எப்போதும் எரிந்து ரிவர்ஸ் போட்டால் அணையும். பகலில் கவனிக்காமல் விட்டால் மறுநாள் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்யவேண்டும்.

பின்பக்கம் போகிற வயரைச் சுருள் பைப்புக்குள் விட்டு, கம்பெனி ஹார்னஸ் போகிற வழியிலேயே, 30 செ.மீ.க்கு ஒரு டேக் போட்டுக் கொண்டுபோகவும். சைலன்சர், ப்ரொபெல்லர் ஷாஃப்ட், ஸ்பிரிங் பட்டை மூன்றுக்கும் விலகி இருக்கவேண்டும். பிரேக் பைப்போடு சேர்த்துக் கட்டுவது சோம்பேறித்தனம். சேஸ் துளை வழியே போகுமிடத்தில் ரப்பர் புஷ் போடவும். மெல்லிய வயர் போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு: 6 மீட்டர் தூரம், 3 ஆம்பியர். 1.5 சதுர மி.மீ.யில் வழியில் இழப்பது சுமார் 0.2 வோல்ட், 0.5 சதுர மி.மீ.யில் 0.65 வோல்ட்.

இனி எர்த். ‘லைட் போச்சு’ என்று வருகிற வண்டிகளில் விளக்கு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சாமான் ஏற்றும் பாடியில் ஒரு ஸ்க்ரூவை முறுக்கி அதை எர்த் என்று நினைப்பதுதான் வினை. பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் பெயிண்ட், துரு, சில வண்டிகளில் ரப்பரோ கட்டையோ இருக்கும். கரண்ட் அதில் தட்டுத் தடுமாறித்தான் போகும். சேஸிலேயே ஒரு போல்ட் துளையைப் பிடித்து, வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, ரிங் லக், பல் வாஷர், 6 மி.மீ. போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவவும். ரிவர்ஸ் போட்டால் பின் விளக்குகளில் சம்பந்தமில்லாத ஒன்று மங்கலாக எரிகிறதா? எர்த் கிடைக்காத கரண்ட் வேறு பல்பு வழியே திரும்புகிறது.

நம் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் மாவு, நனைந்தால் குழம்பு. இணைப்புக்குள் போனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீல நிறக் கிளிப்பை வயரில் கவ்வவைத்து லைன் எடுக்கிற முறையில், கிளிப் வயரின் தோலைக் கிழிக்கிறது. அந்தக் கீறல் வழியே தண்ணீர் ஏறி, ஓர் அடி தள்ளிச் சீவினாலும் செம்பு கறுத்திருக்கும், தொட்டால் பச்சைத் தூளாக உதிரும். சால்டர் வைத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். விளக்குக்குள் நுழையுமுன் வயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். விளக்கில் ஐபி 67 என்று போட்டிருப்பது தண்ணீரில் மூழ்கினால் தாங்கும் என்பதற்குத்தான். வாட்டர் சர்வீஸ் கன்னை நேரே பிடிப்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

மாட்டும் இடத்தைக் குறிக்குமுன் பின் டோரை முழுக்கக் கீழே தொங்கவிட்டுப் பாருங்கள். டோர் விழுந்து முதல் நாளே விளக்கு உடைந்த வண்டிகள் நிறைய. தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் வைத்தால், 8 டிகிரி கீழே சாய்த்தால் ஒளியின் நடு 5 மீட்டரில் விழும். இதைக் காலி வண்டியில் வைக்கவும். ஆத்தங்குடிக் கல் ஏற்றினால் பின்பக்கம் பட்டை அமுங்கி ஒளி தானாகக் கிட்டே வரும். மூலை உடையும் சரக்கு, அப்போது கிட்டே தெரிவதுதான் நல்லது.

கியர் போடாமலும் எரியவேண்டும் என்று தனி ஸ்விட்ச் கேட்பவர்கள் உண்டு. 86-க்கு இன்னொரு வயரை அப்படியே கொடுத்தால், அந்த 12 வோல்ட் ரிவர்ஸ் லைனிலும் ஏறி, கம்பெனி பல்பை எரித்து, பஸ்ஸரைக் கத்தவைக்கும். சிக்னல் வயரில் ஒன்று, ஸ்விட்ச் வயரில் ஒன்று என 1என்4007 டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) போட்டு, கோடு உள்ள முனை ரிலேயைப் பார்க்க வைத்தால் இது நிற்கும். ஓடும் வண்டியில் பின்னால் வெள்ளை வெளிச்சம் எரிவது சட்டப்படி தப்பு, பின்னால் பைக்கில் வருகிறவன் கண்ணும் போகும். அதனால் ஸ்விட்சில் ஒரு சிவப்பு இண்டிகேட்டர் இல்லாமல் இந்த வேலையை எடுக்கவேண்டாம்.

ரிவர்ஸ் போட்டதும் ரேடியோவில் கோடை பண்பலை இரைந்தால் விளக்கின் டிரைவர் (உள்ளே கரண்டைச் சீராக்கும் சர்க்யூட்) மட்டமானது. வயரில் ஃபெரைட் கிளிப் மாட்டிப் பார்க்கலாம், குறையாவிட்டால் விளக்கை மாற்றவும்.

முடித்த பிறகு இஞ்சின் ஓட, கை பிரேக்கோடு சக்கரத்துக்குக் கட்டையும் வைத்து, விளக்கு எரியும்போது மீட்டர் வையுங்கள். பாட்டரி முனைக்கும் விளக்கு முனைக்கும் வித்தியாசம் 0.5 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். பாட்டரி மைனஸுக்கும் விளக்கின் கறுப்பு வயருக்கும் நடுவில் 0.1-ஐத் தாண்டினால் எர்த்தை மறுபடி சுரண்டவும். ஐப்பசி அடைமழைக்கு முன் இந்த இரண்டு அளவையும் இன்னொரு தடவை எடுத்து, எர்த் போல்ட்டில் கிரீஸைப் புதுப்பித்துவிடுங்கள்.